சுத்தியலுக்குக் கீழே ஒரு தபால்காரன்

என் மெத்தைக் கடைக்கும் எழிலின் மோட்டார் வைண்டிங் கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். புதிதாகச் செப்புக் கம்பிச் சுருள் கட்டிய மோட்டாரை மேசையில் பூட்டி அவன் ஓட்டிப் பார்த்தால் என் பக்கத்தில் தொங்குகிற தலையணை உறைகள் எல்லாம் ஆடும். மதியத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போக முடியாத நாட்களில் நான் மெத்தைகளுக்கு நடுவே விரிப்பைப் போட்டுத் தொழுதுகொள்வேன். அதற்காகக் கைகால் கழுவ வெளிக்குழாய்க்கு வந்தேன் என்றால், நான் திரும்புவதற்குள் அந்த மோட்டார் நின்றிருக்கும். தொழுது முடித்து விரிப்பைச் சுருட்டிய பிறகுதான் மறுபடி ஓடும்.

மூன்று மாதம் கவனித்துவிட்டு ஒருநாள் கேட்டேன். "ஏன் தம்பி, தினமும் ஒன்றரை மணிக்குச் சொல்லி வச்ச மாதிரி நின்னுபோகுதே?"

"அந்நேரத்துக்குக் கரண்ட் போயிருதுங்க பாய். ஈபிக்காரங்க சோத்துக்குப் போறப்பக் கரண்டையும் கூட்டிட்டுப் போயிருவாங்களாட்ட இருக்குது" என்றான்.

என் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவன் அதை ஒரு தரம் பார்த்தான். நானும் பார்த்தேன்.

இது நடந்தது கோயமுத்தூர் கணபதியில், தொண்ணூற்று மூன்றாம் வருஷம். எழிலுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது இருக்கும். கொடுமுடிப் பக்கத்தில் மஞ்சள் காட்டுக் கூலி வேலை பார்த்த சின்னானுக்கும் பாவாத்தாளுக்கும் மூத்த பிள்ளை. ஐ.டி.ஐ. படித்துவிட்டுச் சோமனூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்தான். பிறகு அதை விட்டுவிட்டு இங்கே கடை போட்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனுக்கு உட்காரத் தெரியாது. டீயைக்கூட என் கடைக்கும் அவன் கடைக்கும் நடந்துகொண்டேதான் குடிப்பான். பேசும்போது கையில் ஒரு துண்டு செப்புக் கம்பி இருக்கும். பேச்சு முடிவதற்குள் அது மீனாகவோ நாற்காலியாகவோ ஆகியிருக்கும். போகும்போது என் மேசையில் வைத்துவிட்டுப் போவான்.

தொண்ணூற்று ஆறில், ஆனி மாதம், அவன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தான். அந்த நாளில் எங்கள் சந்தில் அது முதல் கம்ப்யூட்டர். எதிர்ப்புறம் லேத் பட்டறை வைத்திருந்த பாலுசாமி உடனே வந்துவிட்டார்.

"ஏனப்பா எழிலு, மோட்டாரு சுத்தறவனுக்கு எதுக்கு இந்தப் பொட்டி? இதுல ஒளியும் ஒலியும் வருதா?"

"வைண்டிங் கணக்குப் போடறதுக்குங்க."

"ஓ! அப்ப இத்தன வருசமா கணக்கில்லாமயா சுத்துனே? என்ற மோட்டாரு அதனாலதான் புகையுதா?"

எழில் சிரித்து மழுப்பி அவரை அனுப்பிவைத்தான். ஆனால் அன்று மாலை நான் எட்டிப் பார்த்தபோது திரையில் கணக்கு ஒன்றும் இல்லை. நீலச் சட்டை போட்ட பொம்மை மனிதன் ஒருவன் தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தான். பின்னால் மூன்று நிலா.

"இவன் தபால்காரனுங்க பாய்" என்றான் எழில்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கம்ப்யூட்டர் விஷயம் எழுதுவதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். அவன் விளக்கியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். அது ஒரு விளையாட்டு. வருங்காலத்தில், ஆகாயத்தில் இருக்கிற ஒரு தபாலாபீஸில் வேலை பார்க்கும் சோம்பேறித் தபால்காரன் ஒருவன். அவன் ஒரு சிவப்புப் பார்சலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எந்தக் கிரகத்துக்குப் போனாலும் விலாசக்காரர் நேற்றுத்தான் வீடு மாறிப் போனார் என்பார்கள். நாம் இங்கிலீஷில் வாக்கியம் அடித்தால் அவன் அதன்படி செய்வான். முட்டாள்தனமாக எதையாவது அடித்தால் கம்ப்யூட்டர் நம்மைக் கேலி செய்யும். பார்சலைத் திற என்று அடித்தால், அடுத்தவர் தபாலைத் திறப்பது ஒன்பது கிரகங்களிலும் குற்றம் என்று பதில் வரும். அவன் சாவதும் தமாஷ்தான். மூன்று தலை நாய் ஒன்று அவன் தொப்பியைத் தின்றுவிட்டு, ருசி போதவில்லை என்று அவனையும் தின்னும்.

"முப்பத்தஞ்சு வயசில இதுக்கா கம்ப்யூட்டர் வாங்கினே?" என்று கேட்டேன்.

அவன் வாசல் வரை போனான். திரும்பி வந்தான். மறுபடி போனான். அப்படி நடந்துகொண்டேதான் தன் தங்கச்சியைப் பற்றி என்னிடம் முதல் தடவையாகச் சொன்னான்.

அவள் பெயர் கயல்விழி. அவன் இருந்த அதே மில்லில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தாள். மிஷின் பூட்ட வந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் விட்டுப் போன ஃபிளாப்பியில் இந்த விளையாட்டு இருந்தது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் வரும்வரை அண்ணனும் தங்கையும் இதை விளையாடுவார்கள். என்ன செய்யலாம் என்று இவன் சொல்வான். அவள் இங்கிலீஷில் அடிப்பாள். பார்சலுக்குள்ளே ஒன்றும் இருக்காது, காலிப் பெட்டி என்பது அவள் கட்சி. இவ்வளவு தூரம் தூக்கி வருகிறான், காலியாகவா இருக்கும் என்பது இவன் கட்சி. ஒரு வருஷம் போல் இந்தச் சண்டை நடந்தது. விளையாட்டு முடியவில்லை.

தொண்ணூற்று ஒன்றில், அதே மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கோவிந்தராஜுலு என்பவரை அவள் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். இவனிடம் சொல்லவில்லை.

"அவரு தெலுங்குக்காரரு, வேற ஆளுங்க, அதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்லீங்க பாய். என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க? ஊரு சொல்லித்தான் எனக்குத் தெரியோணுமா? மில்லு கேட்டுல எல்லாரும் பாத்துட்டு நிக்கறப்ப, இன்னிக்கோட எனக்குத் தங்கச்சி இல்லேன்னு சொல்லிப்போட்டேன்."

அன்றோடு மில்லையும் விட்டுவிட்டான். ஐந்து வருஷம் பேச்சில்லை. இப்போது கொடுமுடியிலிருந்து அம்மா யாரையோ பிடித்து எழுதச் சொல்லி ஒரு கடிதம் போட்டிருந்தார். கோவிந்தராஜுலுவுக்கு இந்தோனேசியாவில் ஒரு மில்லில் வேலை கிடைத்திருக்கிறது, ஆடிப்பெருக்குக்குக் கயல் கொடுமுடி வருகிறாள், இரண்டு நாள் இருப்பாள், அதன்பின் கப்பலோ பிளேனோ ஏறிவிடுவாள், நீ வந்தால் வா. கடைசியில் திருப்பூரில் அவள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் போன் நம்பர்.

"போய்ப் பாரு தம்பி. உன் அம்மாவே கூப்பிட்டாச்சு."

"போய் என்னத்தப் பேசறதுங்க? மூஞ்சியப் பாத்து நின்னா ஒரு வார்த்தை வராதுங்க பாய், என்னைய எனக்குத் தெரியாதா? அதான் இதை முடிச்சுப்போட்டுப் போறேன். போனதும் பார்சல்ல என்ன இருந்துச்சுன்னு சொல்லிருவேன். அதுக்கு அவ ஏதாச்சும் சொல்லித்தான ஆகோணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபின் சிரிக்கவில்லை.

மில்லை விட்டபோது எடுத்துவந்த அந்தப் பழைய ஃபிளாப்பியை அவன் பத்திரமாக வைத்திருந்தான். அது அகலமான மெல்லிசு வகை. புதுக் கம்ப்யூட்டரில் சின்ன ஃபிளாப்பி போகிற வாய்தான் இருந்தது. பெரிய வாய் தேடி ஒரு வாரம் அலைந்து, எங்கோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து மாட்டினான். ஃபிளாப்பியைப் போட்டதும் என்னைக் கத்திக் கூப்பிட்டான். பஞ்சுக் கையோடு ஓடினேன்.

விளையாட்டை நடுவில் நிறுத்தும்போது, அந்த இடத்துக்கு ஒரு பெயர் எழுதி வைத்துவிட்டுப் போகலாமாம். அடுத்த நாள் அந்தப் பெயரைத் தொட்டால் அங்கிருந்தே தொடரலாம். கயல்விழி எழுதி வைத்த பெயர்கள் வரிசையாகத் திரையில் நின்றன. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். எழில் ஒவ்வொன்றாக எனக்கு வாசித்துக் காட்டினான். "அண்ணனுக்குப் பசி." "மேனேஜர் வாரார்." "பஸ் வந்துருச்சு." "அண்ணன் சொன்னது தப்பு." அதன் கீழே, "நான் சொன்னதும் தப்பு." சிரித்துச் சிரித்துப் படித்துக்கொண்டே வந்தவன் கடைசி வரியில் நின்றுவிட்டான்.

"என்ன போட்டிருக்கு தம்பி?"

"'அண்ணா, உன்றகிட்ட ஒண்ணு சொல்லோணும்'னு இருக்குதுங்க."

அது அவள் கல்யாணத்துக்கு நான்கு நாளைக்கு முன்னால் எழுதியது. மறுநாள் வேறொரு மில்லில் பெரிய மோட்டார் எரிந்துபோய், இவனை அங்கே அனுப்பிவிட்டார்கள். வேலை முடித்து நான்காம் நாள் திரும்பியபோது கல்யாணம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு இந்த விளையாட்டை அவன் திறக்கவே இல்லை.

அன்று எழில் வேறு வேலையைத் தொடவில்லை. அந்தக் கடைசி வரியிலிருந்து விளையாட்டைத் தொடங்கினான். தபால்காரன் ஒரு கிரகத்துப் பெரிய தபாலாபீஸ் வாசலில் நிற்கிறான். உள்ளே ஒரு ஓடும் பட்டை. அதன் மேலே முத்திரை குத்தும் ராட்சசச் சுத்தியல்கள் வரிசையாக ஏறி இறங்குகின்றன. ஒன்று ஏறும்போது அடியில் நுழைந்து அடுத்ததற்குப் போக வேண்டும். மில்லின் பழைய கம்ப்யூட்டரில் அவை நிதானமாகத்தான் இறங்குமாம். இந்தப் புதுக் கம்ப்யூட்டரின் வேகத்துக்கு அவை பறந்தன. தபால்காரன் கதவைத் திறந்து உள்ளே வந்தான். வந்த மாத்திரத்தில் நசுங்கி, ஸ்டாம்பு போல ஆகி, ஒரு கவரில் ஒட்டிக்கொண்டு எங்கேயோ போனான். 'தங்கள் தபால் அனுப்பப்பட்டது' என்று கம்ப்யூட்டர் சந்தோஷமாகச் சொன்னது.

பத்து நாள் இதே கதைதான். ஒரு மோட்டாருக்கு நாலு சுற்றுச் சுற்றுவான். போய்த் தபால்காரனை நசுக்கிவிட்டு வருவான். வாடிக்கைக்காரர்கள் சண்டை போட ஆரம்பித்தார்கள். பாலுசாமி தினமும் எதிரிலிருந்து, "இன்னிக்கு எத்தன பேரைக் கொன்னே எழிலு?" என்பார். ஆடி பிறந்துவிட்டது. பதினெட்டாம் நாளை அவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"மிஷினு வேகமா ஓடுனா பெல்ட்டு ஓடற புல்லிய மாத்துவமுங்க" என்றான் ஒருநாள் என்னிடம். "இதுல புல்லி கெடையாது. அப்ப வோல்டேஜத்தான் கொறைக்கோணும்."

அவனிடம் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற உருண்டையான டிம்மர் ஒன்று இருந்தது. மோட்டார் சோதிக்க வைத்திருந்தது. கம்ப்யூட்டரின் வயரை அதில் சொருகினான். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தான். பிஸ்மி சொல்லித் திருப்பினேன். இருநூறு. நூற்று எண்பது. திரையில் படம் கொஞ்சம் சுருங்கியது.

"கொறையுது பாய், கொறையுது! சுத்தியல் மெதுவாகுது பாருங்க!"

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நூற்று ஐம்பதில் எப்படியோ ஒரு சுத்தியலைத் தாண்டிவிட்டான். உடனே அந்த இடத்தைப் பதிந்து வைக்க, பழைய ஃபிளாப்பியில் எழுதச் சொல்லி அடித்தான். ஃபிளாப்பியின் சிவப்பு விளக்கு எரிந்தது. "இன்னுங் கொஞ்சம்" என்றான். நான் இன்னும் கொஞ்சம் திருப்பினேன். கம்ப்யூட்டர் டப்பென்று அணைந்தது.

மறுபடி போட்டபோது கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. விளையாட்டும் உள்ளே இருந்தது, அதை முன்பே கம்ப்யூட்டருக்குள் ஏற்றி வைத்திருந்தான். ஆனால் ஃபிளாப்பியைத் திறந்தால் ஒன்றும் இல்லை என்று வந்தது. அண்ணனுக்குப் பசி இல்லை. மேனேஜர் வரவில்லை. அந்தக் கடைசி வரியும் இல்லை.

எழில் அன்றுதான் உட்கார்ந்தான். நான் அவனை மூன்று வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. கையில் கம்பி இல்லை.

"கைப்பிடியைத் திருப்பினது நான்தான் தம்பி" என்றேன்.

"நாஞ்சொல்லித்தானுங்களே திருப்புனீங்க" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு சொன்னேன். "அந்த வரி போனா போகட்டும். எழுதினவ இருக்கா இல்ல? அல்லாஹ் அவளை நல்லா வச்சிருக்கான். அம்மா கொடுத்த நம்பர் இருக்கு. எந்திரி."

"என்னத்தச் சொல்றதுங்க பாய்?"

"நடந்ததைச் சொல்லு."

சத்தி ரோட்டு முனையில் எஸ்.டி.டி. பூத். பக்கத்து வீட்டு அம்மாள் எடுத்து, கயலைக் கூப்பிட்டு வைக்கிறேன், பத்து நிமிஷம் கழித்துப் போடுங்கள் என்றார். அந்தப் பத்து நிமிஷத்தில் எழில் ரோட்டை எத்தனை தடவை தாண்டினான் என்று கணக்கில்லை. லாரிக்காரர்கள் திட்டிக்கொண்டு போனார்கள். மறுபடி போட்டபோது என் கையைப் பிடித்துப் பூத்துக்குள் இழுத்துக்கொண்டான். "பக்கத்துல நில்லுங்க." அந்த இடத்தில் இரண்டு பேர் நின்றால் மூச்சு விட முடியாது. அதனால் அவள் பேசியதும் எனக்குக் கேட்டது.

"ஹலோ, யாருங்க?"

எழில் தொண்டையைச் செருமினான். "மிஷினு வேகமா ஓடுது, கண்ணு."

அவள் மெதுவாக, "எந்த எடத்துல?" என்று கேட்டாள்.

"சுத்தியல்ல."

"புதுக் கம்ப்யூட்டரா?"

"ஆமா. உள்ள போறதுக்குள்ள நசுக்கிப்போடுது."

"டர்போவை அமுத்தி உட்டியா? முன்னால செவப்பு நம்பர் எரியுமே, அதுக்குப் பக்கத்துல பட்டன்."

"அதைத் தொடல. நான் வோல்டேஜக் கொறைச்சேன்."

"என்னத்தக் கொறைச்சே?"

"வோல்டேஜ. டிம்மர் வெச்சு."

"அட கிறுக்கண்ணா! அது என்ன தண்ணி மோட்டாரா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆனது. எழில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். நான் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டேன்.

பேசி முடித்ததும் அவன் கடைக்கு ஓட்டமாக வந்தான். கம்ப்யூட்டரின் முகப்பில் 66 என்று சிவப்பாக எரிவதை நானும் தினம் பார்த்திருக்கிறேன். அதன் பக்கத்தில் ஒரு துண்டு மஞ்சள் டேப். வாங்கும்போது கடைக்காரர், ஆன் பண்ணுகிற பட்டனைத் தவிர வேறெதையும் அமுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். இவன் உடனே டேப்பை ஒட்டிவிட்டான். மோட்டார்க்காரர்கள் வழக்கம் அது. டேப் ஒட்டிய சுவிட்ச் என்றால் லைனில் யாரோ வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். தொட்டால் அவர் உயிர் போகும். அப்பனே வந்து சொன்னாலும் ஒரு மோட்டார்க்காரன் அதைத் தொட மாட்டான். ஒட்டியவன் தானே என்பதையும் மறந்து அந்த வழக்கத்தை இவன் காப்பாற்றியிருக்கிறான்.

டேப்பைப் பிய்த்துப் பட்டனை அமுக்கினான். 66 போய் 33 வந்தது. சுத்தியல்கள் நிதானத்துக்கு வந்துவிடும் என்றுதான் தோன்றியது. ஆனால் அவன் விளையாடிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தான்.

"கொடுமுடிக்குத் தூக்கிட்டு வரச் சொன்னாளுங்க. மொதல்ல இருந்து ரெண்டு பேரும் சேந்து ஆடலாம்னா. பஸ்சுல ஒடஞ்சு போகாதுங்களா பாய்?"

தொட்டில் மெத்தை இரண்டு எடுத்துச் சுற்றி, மூலைக்கு ஒரு தலையணை வைத்து, சாக்கு ஊசியால் நானே தைத்துக் கொடுத்தேன். பஸ் கண்டக்டர் கேட்டால் கல்யாணச் சீர் என்று சொல்லச் சொன்னேன்.

ஆடிப்பெருக்கு முடிந்து மூன்றாம் நாள் திரும்பி வந்தான். பையை வைக்காமலே என் கடைக்குள் வந்து நடக்க ஆரம்பித்தான். ஐந்து வருஷத்தில் அவள் ஒன்றையும் மறக்கவில்லையாம். எந்தக் கிரகத்தில் எந்த வார்த்தை என்று கடகடவென அடித்தாளாம். "மாப்பிள்ளை" – அவன் அப்படிச் சொல்லி முதல் தடவையாகக் கேட்டேன் – "பக்கத்துல உக்காந்து சிரிச்சுக் கெடந்தாரு. அம்மா காவேரிக்குக் கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்துட்டு, தனியாப் போயிக் கும்புட்டுட்டு வந்துட்டா."

"அந்த வரியைப் பத்திச் சொன்னியா?"

நின்றான். "சொன்னனுங்க. அழிஞ்சு போச்சுன்னும் சொன்னேன். மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரல, அடுத்த நாள் வந்ததும் நீதான மொதல்ல தொறப்பே, படிச்சுட்டு நீயே கேப்பேன்னு எழுதி வெச்சேண்ணான்னு சொன்னா. ஒரு நாளுக்கு முந்தி எழுதியிருந்தா நான் படிச்சிருப்பனுங்க பாய். இல்லாட்டி அந்த மோட்டாரு எரியாம இருந்திருக்கோணும்." மறுபடி நடந்தான். "அவளும் என்னையாட்டமேதானுங்க. மூஞ்சியப் பாத்தா வார்த்தை வராது."

"பார்சல்ல என்ன இருந்துச்சு?"

"தெரியாதுங்க. விலாசக்காரர் ஊட்டு வாசல் வரைக்கும் போயிட்டோம். கதவைத் தட்டறதுக்கு முன்னால அவ நிறுத்திட்டா. ரெண்டு ஃபிளாப்பியில பதிஞ்சு ஒண்ணை அவ எடுத்துட்டுப் போறா, ஒண்ணு எனக்கு. ரெண்டு வருசங் கழிச்சு லீவுல வாரப்ப சேந்து தட்டோணுமாம். அதுவரைக்கும் நான் தொடக்கூடாதுன்னு அம்மா தலைல சத்தியம் வாங்கிட்டா."

"என்ன பேரு எழுதி வச்சா?"

"'அண்ணனுக்குப் பசி'ன்னுங்க."

அதன்பின் அந்தக் கம்ப்யூட்டரை அவன் நிஜமாகவே வைண்டிங் கணக்குக்குப் பயன்படுத்தினான். ஃபிளாப்பி சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. தினம் இரண்டு மூன்று தடவையாவது எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பான். பொறுமை இல்லாத மனிதன் இப்படி ஒரு கதவுக்கு வெளியே நிற்பதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். அவனுக்காகத் துஆ செய்யும்போது, அந்தப் பெண் சுகமாகத் திரும்பி வரட்டும் என்று அவளையும் சேர்த்துக்கொள்வேன்.

தொண்ணூற்று ஏழு தை மாதம் அவன் கடையைக் காலி செய்தான். சோமனூரில் தறி மோட்டார் பார்க்க ஆள் இல்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். என் கடைக்கு அப்போதுதான் போன் வந்திருந்தது. நம்பரை ஒரு துணிப் பையில் எழுதிக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் அதே தொட்டில் மெத்தைக்குள் டெம்போவின் முன் சீட்டில் இருந்தது. டிரைவர் எஞ்சினைக் கிளப்பிய பிறகும் எழில் ஏறாமல் என் மேசைக்கும் டெம்போவுக்கும் நடந்தான். ஒரு வழியாக ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னான்.

"தங்கச்சி வந்து பார்சலப் பிரிச்சதும் மொதப் போனு உங்களுக்குத்தானுங்க பாய். காலிப் பொட்டியா இருந்தாலும் போடறேன். ஒன்றரை மணிக்கு மட்டும் போட மாட்டேன்."